யூகான் பல்கலைக்கழகம் பிக் ஈஸ்ட்டை விட்டு பிக் 12 கூட்டமைப்பில் சேர வேண்டுமா?

கேள்வி: ஹார்ட்ஃபோர்ட்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் ஹார்ட்ஃபோர்ட் நகருக்கு அருகே பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் மகள் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஸ்டோர்ஸ் வளாகத்தில் இளங்கலை படிக்கிறாள். யூகான் என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பல்கலைக்கழகம், தன் விளையாட்டு அணிகளை பிக் ஈஸ்ட் கூட்டமைப்பிலிருந்து விலக்கிக்கொண்டு பிக் 12 கூட்டமைப்புக்குப் போக வேண்டுமா என்ற விவாதம் எங்கள் அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் ஓயாமல் நடக்கிறது.

இந்த ஏற்பாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள், பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணையை வகுப்பதும், பருவ முடிவில் கோப்பைப் போட்டி நடத்துவதும், ஒளிபரப்பு உரிமையைத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்று அந்தப் பணத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடுவதும் கூட்டமைப்பின் வேலைகள். ஆகவே வருமானம், பயணச் செலவு, எதிரணிகளின் தரம் ஆகிய மூன்றும் கூட்டமைப்பைப் பொறுத்தே அமைகின்றன. பிக் ஈஸ்ட் கூடைப்பந்தை மையமாகக் கொண்டது. அங்கே அமெரிக்கக் கால்பந்து கிடையாது. அதனால் யூகானின் கால்பந்து அணி எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து ஆடுகிறது. 2025 பருவத்தில், முதல்நிலைக் கால்பந்துப் பிரிவில் அப்படித் தனித்து நின்றவை நோட்டர் டேமும் யூகானும் மட்டுமே.

2024 கோடையில் பிக் 12 கூட்டமைப்பின் ஆணையர் பிரெட் யார்மார்க் யூகானைச் சேர்த்துக்கொள்வதில் ஆர்வம் காட்டினார். மற்ற அணிகள் 2026இலும், கால்பந்து அணி 2031இலும் சேர்வது என்ற திட்டம் பேசப்பட்டதாகச் செய்திகள் வந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் இத்தகைய பேச்சுகள் ஒரு முறை நின்றால் திரும்ப எழாமல் போவதில்லை.

நான் அறிய விரும்புவது இரண்டு. மீண்டும் அழைப்பு வந்தால் யூகான் அதை ஏற்பது பல்கலைக்கழகத்துக்கு உண்மையிலேயே நன்மையா? விளையாட்டுத் துறையின் பற்றாக்குறையை ஈடுகட்டப் பல்கலைக்கழக நிதியும் மாணவர் கட்டணமும் பயன்படுகின்றன என்பதால், போகாமல் இருப்பதன் விலையைக் கட்டப்போவது என் மகளைப் போன்ற மாணவர்கள்தானா? இந்தப் பல்கலைக்கழகத்தையோ, இதே நிலையைக் கடந்து வந்த பிற பல்கலைக்கழகங்களையோ அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஸ்டோர்ஸ் பழைய மாணவர்

போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யூகான் ஏற்கெனவே ஒரு முறை தன் அண்டை அயலாரை இழந்து தூரதேசத்து அணிகளோடு ஆடியது. அந்தக் காலத்தில் நான் அங்கே முதுகலை மாணவனாக இருந்தேன் என்பதால், நடந்ததை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிக் ஈஸ்ட் 1979இல் தொடங்கியபோது யூகான் அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்று. பயிற்சியாளர்கள் ஜிம் கால்ஹூன் ஆண்கள் கூடைப்பந்து அணியையும் ஜீனோ ஆரியெம்மா பெண்கள் கூடைப்பந்து அணியையும் அந்தக் கூட்டமைப்புக்குள்தான் வளர்த்தெடுத்தார்கள். புல்வெளிகளுக்கும் பால்பண்ணைகளுக்கும் நடுவே இருந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் நாடறிந்த பெயராக மாறியதற்கு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் பிக் ஈஸ்ட் கோப்பைப் போட்டியும், பிராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், ஜார்ஜ்டவுன், வில்லனோவா போன்ற அணிகளோடு வளர்ந்த பகையும் பெரிய காரணங்கள். அந்தக் கட்டமைப்பைக் குலைத்தது கால்பந்துப் பணம். 2003இல் மயாமியும் வர்ஜீனியா டெக்கும், அவற்றைத் தொடர்ந்து பாஸ்டன் காலேஜும் அட்லாண்டிக் கரையின் ஏசிசி கூட்டமைப்புக்குப் போவதென முடிவு செய்தன. கனெக்டிகட் மாநிலத்தின் அன்றைய தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் புளூமென்தால் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2011இல் சிரக்யூஸும் பிட்ஸ்பர்கும் கிளம்பின. 2012 நவம்பரில் மேரிலாந்து காலி செய்த இடத்துக்கு ஏசிசி ஆள் தேடியபோது, யூகானை விட்டுவிட்டு லூயிவில்லைத் தேர்ந்தெடுத்தது.

எஞ்சிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழும் பிக் ஈஸ்ட் என்ற பெயரையே எடுத்துக்கொண்டு 2013இல் பிரிந்து போயின. கால்பந்தைக் கைவிட மனமில்லாத யூகான், அமெரிக்கன் என்ற புதிய கூட்டமைப்பில் டல்சா, டுலேன், கிழக்கு கரோலினா, மத்திய ஃபுளோரிடா போன்ற அணிகளோடு தங்கிவிட்டது. இந்த அணிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கனெக்டிகட் மக்களுக்கு அவற்றோடு எந்த உறவும் இல்லை. வெளியூர் ஆட்டத்தைக் காண ரசிகர்கள் போக முடியவில்லை. உள்ளூர் ஆட்டத்துக்கு எதிரணி ரசிகர்கள் வரவில்லை. அரங்கில் வெற்று இருக்கைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. ஆண்கள் அணி முதல் ஆண்டிலேயே, 2014இல், தேசியப் பட்டம் வென்றது உண்மைதான். ஆனால் அது பழைய பிக் ஈஸ்ட் காலத்தில் திரட்டிய வீரர்களின் வெற்றி. அதற்குப் பிறகு 2015, 2017, 2018, 2019 ஆகிய நான்கு ஆண்டுகள் அந்த அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. பெண்கள் அணியின் கதை வேறு விதத்தில் வருத்தமானது. ஏழு ஆண்டுகளில் அமெரிக்கன் கூட்டமைப்பு அணிகளிடம் ஒரு முறைகூட அவர்கள் தோற்கவில்லை; 139 ஆட்டங்கள், 139 வெற்றிகள். வெற்றி முன்பே தெரிந்த ஆட்டத்தை யார் குளிரில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்கள்?

2020 ஜூலையில் யூகான் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பியது. அதற்காக அமெரிக்கன் கூட்டமைப்புக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துத்தான் விலக முடிந்தது. கால்பந்தை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்ள அந்தக் கூட்டமைப்பு சம்மதிக்கவில்லை. திரும்பிய பின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். டேன் ஹர்லியின் ஆண்கள் அணி 2023இலும் 2024இலும் அடுத்தடுத்து தேசியப் பட்டம் வென்றது. பெண்கள் அணி 2025இல் தன் பன்னிரண்டாவது பட்டத்தை வென்றது. இவை அனைத்துக்கும் கூட்டமைப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; ஹர்லி 2018இலேயே வந்துவிட்டார். ஆனால் நியூயார்க், நியூ ஜெர்சிப் பகுதிப் பள்ளி வீரர்களிடம், உங்கள் பெற்றோர் வீட்டிலிருந்து வண்டியில் வந்து உங்கள் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று சொல்ல முடிவது ஒரு பயிற்சியாளருக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிக் 12 உறுப்பினர்களின் பட்டியலையும் பாருங்கள். யூகானுக்கு மிக அருகில் இருப்பது மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன்; அங்கே பேருந்தில் போக ஒரு பகல் முழுதும் வேண்டும். மற்றவை கேன்சஸ், டெக்சஸ், யூட்டா, அரிசோனா என்று விரிந்துகொண்டே போகின்றன. இது அமெரிக்கன் காலத்துத் தூரத்தையும் மிஞ்சும்.

பதில்: ஹியூஸ்டன் தமிழர்

முந்தைய பதிலை எழுதியவரின் வருத்தம் நியாயமானது. ஆயினும் நான் மாறுபடுகிறேன். நான் படித்த ஹியூஸ்டன் பல்கலைக்கழகமும் அதே அமெரிக்கன் கூட்டமைப்பில்தான் யூகானோடு இருந்தது. எனவே, உரிய நேரத்தில் உள்ளே நுழையாமல் வெளியே நிற்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் இருந்த தென்மேற்குக் கூட்டமைப்பு 1996இல் கலைந்தபோது, டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்டு எம், டெக்சஸ் டெக், பேய்லர் ஆகிய நான்கும் புதிதாக உருவான பிக் 12இல் இடம் பெற்றன. ஹியூஸ்டன் வெளியே விடப்பட்டது. 2016இல் பிக் 12 விரிவாக்கம் பற்றிப் பேசி, யூகான், ஹியூஸ்டன் உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களை வரிசையில் நிற்க வைத்து, அக்டோபரில் எவரையும் சேர்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டது. 2023இல்தான் சின்சினாட்டி, மத்திய ஃபுளோரிடா, பிரிகம் யங் ஆகியவற்றோடு எங்களுக்கும் இடம் கிடைத்தது. 27 ஆண்டுக் காத்திருப்பு அது. அந்தக் காலம் முழுவதும் எங்கள் நல்ல பயிற்சியாளர்களைப் பணக்காரக் கூட்டமைப்புகள் ஒருவர் பின் ஒருவராக அழைத்துச் சென்றன. எங்களிடம் திறமை குறைவாக இருந்ததில்லை. உறுப்பினர் அட்டைதான் இல்லை.

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம். பிக் 12 கூட்டமைப்பின் இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலர். சராசரியாக உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடியே 17 லட்சம் டாலர். 2025-26இல் தொடங்கிய பிக் ஈஸ்ட்டின் புதிய ஒப்பந்தம் கூட்டமைப்பு முழுவதற்குமே ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. பதினொரு பேர் பங்கிட்டால் தலைக்கு 70 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். அதோடு, விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்த வரம்பை எட்டிச் செலவிடும் அணிகளோடு யூகான் எத்தனை ஆண்டுகள் சமமாக நிற்க முடியும்? பிக் ஈஸ்ட்டின் மற்ற உறுப்பினர்கள், பெரிய கால்பந்துச் செலவு இல்லாததால், தம்மிடமுள்ள பணத்தைக் கூடைப்பந்துக்குக் குவிக்கலாம். யூகான் கால்பந்து அணியையும் பராமரித்துக்கொண்டு அதே 70 லட்சப் பங்கில் எப்படி வாழும்?

கூடைப்பந்தின் தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சமும் பிக் 12 விஷயத்தில் பொருந்தாது. கேன்சஸ், அரிசோனா, பேய்லர், அயோவா ஸ்டேட் ஆகியவை இருக்கும் கூட்டமைப்பு அது. ஹியூஸ்டன் அணி அங்கே சேர்ந்த முதல் பருவத்திலேயே முதலிடம் பெற்றது. 2025இல் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்று ஃபுளோரிடாவிடம் 65-63 என்று தோற்றது. கடுமையான எதிரணிகள் எங்கள் அணியைக் கூர்மையாக்கின என்பதே நான் கண்டது.

கால்பந்தில் முதல் இரண்டு பருவங்களும் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடிந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு முழுப் பங்குப் பணமும் தரப்படவில்லை. மேலும், எங்களுக்கு டெக்சஸ் மாநிலத்துக்குள்ளேயே மூன்று எதிரணிகள் உண்டு. யூகானுக்கு அந்த வசதி இல்லை. அப்படியிருந்தும், அழைப்பு வந்தால் ஏற்க வேண்டும் என்றே சொல்வேன். மறுத்தவரை இரண்டாம் முறை யாரும் அழைப்பதில்லை.

பதில்: பெர்க்லி வாசகர்

மேற்குக் கரையிலிருந்து சிறு குறிப்பு. பசிபிக் 12 கூட்டமைப்பு 2023இல் சிதறியபோது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் ஸ்டான்ஃபோர்டும் போக்கிடமின்றி அட்லாண்டிக் கரையின் ஏசிசி கூட்டமைப்பில் சேர்ந்தன. முதல் ஏழு ஆண்டுகள் ஒளிபரப்புப் பணத்தில் வெறும் 30 விழுக்காட்டுப் பங்குக்கு அவை சம்மதிக்க வேண்டியிருந்தது. அவற்றோடு சேர்ந்த சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தப் பணமே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து நுழைந்தது. எனவே, பிக் 12 உறுப்பினரின் சராசரி வருமானத்தைக் காட்டி, யூகானுக்கும் அதே தொகை கிடைக்கும் என்று வாதிடுவது சரியல்ல. தேவை யாருக்கு அதிகமோ அவர் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொள்கிறார் என்பதே அண்மைக்கால நடைமுறை. பெர்க்லிக்கு வேறு வழி இருக்கவில்லை. யூகானுக்கு வழி இருக்கிறது. பேரம் பேசும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது.

பதில்: துடுப்புப் படகு வீராங்கனையின் தந்தை

இதுவரை எல்லோரும் கூடைப்பந்தையும் கால்பந்தையும் மட்டுமே பேசியிருக்கிறீர்கள். ஒரு பல்கலைக்கழகம் கூட்டமைப்பு மாறும்போது கைப்பந்து, சாக்கர், மென்பந்து ஆடும் பிள்ளைகளும் சேர்ந்தே மாறுகிறார்கள். அவர்களுக்கு ஒளிபரப்புப் பணத்தில் பேச்சே இல்லை. பயணம் மட்டுமே பங்கு. என் மகள் வேறொரு பல்கலைக்கழகத்தில் படகு செலுத்துகிறாள். வார நடுவில் இரண்டு நேர மண்டலங்களைத் தாண்டிப் போய்வரும் அவளுடைய தோழியர், விடுபட்ட ஆய்வக வகுப்புகளை ஈடுசெய்யப் படும் பாட்டை நான் அறிவேன்.

பண நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவதும் இந்த அணிகள்தாம். 2020 ஜூனில் யூகான் நிர்வாகம் ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் நீச்சல், ஆண்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்டம், பெண்கள் படகு ஆகிய நான்கு அணிகளைக் கலைப்பதாக அறிவித்தது. பெண்கள் படகு அணியினர், பாலினச் சமத்துவச் சட்டத்தின்கீழ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021இல் நீதிபதி தடை விதித்த பின்னரே அந்த அணி காப்பாற்றப்பட்டது. கால்பந்து அணி அப்போது எப்படி ஆடிக்கொண்டிருந்தது? 2018இல் ஒரே ஒரு வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளிகளை எதிரணிகளுக்குக் கொடுத்தது. 2019இல் இரண்டு வெற்றி. அந்த அணியை நிர்வாகம் கலைக்கவில்லை.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் ஆலோசனை இது. போகலாமா கூடாதா என்பதற்கு முன், கூடைப்பந்தும் கால்பந்தும் எங்கே போனாலும் மற்ற அணிகள் அண்டை மாநிலங்களுக்குள்ளேயே ஆடுவதற்கு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். யூகானின் ஐஸ் ஹாக்கி அணிகள் இப்போதும் ஹாக்கி ஈஸ்ட் என்ற தனிக் கூட்டமைப்பில்தான் ஆடுகின்றன. ஒரு விளையாட்டுக்கு முடிந்தது மற்றவற்றுக்கு ஏன் முடியாது?

பதில்: ஹார்ட்ஃபோர்ட்வாசி

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. ஹியூஸ்டன் நண்பரிடம் ஒரு துணைக் கேள்வி. யூகான் கால்பந்து அணி 2024இல் ஒன்பது ஆட்டங்களில் வென்றது. பருவ முடிவில் நடக்கும் ஃபென்வே போல் ஆட்டத்தில் வட கரோலினாவை 27-14 என்று வீழ்த்தியது. 2025இலும் ஒன்பது வெற்றி. அதோடு பயிற்சியாளர் ஜிம் மோரா கொலராடோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். நல்ல பயிற்சியாளர்கள் தங்கமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னது இதுதானே? ஆனால் கிழக்கு ஹார்ட்ஃபோர்டில் உள்ள கால்பந்து அரங்கில் 40,000 பேர்தான் அமரலாம். அது வளாகத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பிக் 12 தரத்துக்கு அதை உயர்த்தும் செலவை மாநிலம்தானே ஏற்க வேண்டியிருக்கும்?

பதில்: ஹியூஸ்டன் தமிழர்

ஆம், பயிற்சியாளர் பற்றி நான் சொன்னது அதுவேதான். அரங்கின் செலவும் உண்மையான தடை. 2024இல் பிக் 12 உறுப்பினர்கள் சிலர் தயங்கியதற்கு யூகானின் கால்பந்து நிலையே காரணம் என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. இரண்டு நல்ல பருவங்களால் மட்டும் அந்தத் தயக்கம் தீராது.

பதில்: ஸ்டோர்ஸ் பழைய மாணவர்

விவாதம் இந்த இடத்துக்கு வந்தது நல்லது. ஹியூஸ்டன் நண்பரின் பணக் கணக்கை நான் மறுக்கவில்லை. 2018 நிதியாண்டிலேயே யூகான் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறை 4 கோடி டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகமும் மாணவர் கட்டணமும்தான் அதை ஈடுகட்டின. கேள்வி கேட்டவரின் இரண்டாவது ஐயத்துக்கு விடை, ஆம், இப்போதே மாணவர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதே.

ஆனால் எப்போது போவது என்பதை யாரும் இதுவரை பேசவில்லை. பிக் 12இன் ஒப்பந்தமும் பிக் ஈஸ்ட்டின் ஒப்பந்தமும் 2030-31 பருவத்தோடு முடிகின்றன. பிக் டென் கூட்டமைப்பின் ஒப்பந்தம் அதற்கு ஓராண்டு முன்பே முடிகிறது. ஏசிசி உறுப்பினர்களான ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமானபோது, ஏசிசியை விட்டு விலகுவதற்கான கட்டணம் ஆண்டுதோறும் குறைந்து 2030-31இல் 7 கோடியே 50 லட்சம் டாலராகும் என்று முடிவாயிற்று. அந்த ஓரிரு ஆண்டுகளில் பெரிய அணிகள் பல இடம் மாறும் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் உண்டு. அப்போது ஏசிசியில் இடங்கள் காலியானால், பாஸ்டன் காலேஜ், சிரக்யூஸ், பிட்ஸ்பர்க் ஆகிய பழைய பிக் ஈஸ்ட் தோழர்கள் இருக்கும் அந்தக் கூட்டமைப்பு யூகானுக்கு பிக் 12ஐவிட எவ்வளவோ பொருத்தமானது. இன்று அவசரப்பட்டுக் குறைந்த பங்குக்கு பிக் 12இல் கையெழுத்திட்டால், அந்தக் கதவு திறக்கும் நேரத்தில் நாம் மேற்கே கட்டுண்டு கிடப்போம்.

அதுவரை பிக் ஈஸ்ட்டில் இருந்துகொண்டு, கால்பந்து அணியைச் சிக்கனமாகவும் ஒழுங்காகவும் நடத்திக்கொண்டிருந்தால் போதும். மறுத்தவரை இரண்டாம் முறை அழைக்கமாட்டார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. 2016இல் எவரையும் வேண்டாம் என்ற பிக் 12தான் 2021இல் ஹியூஸ்டனை அழைத்தது. 2024இல் யூகானோடும் பேசியது. அடுத்தடுத்துப் பட்டம் வெல்லும் அணியைத் தேடி வருவார்கள்.

பதில்: ஹார்ட்ஃபோர்ட்வாசி

2031 பற்றிய விளக்கம் எனக்குப் புதிது; மிகப் பயனுள்ளது. பல்கலைக்கழக அறங்காவலர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். எந்தக் கூட்டமைப்பாக இருந்தாலும் முதல் ஆண்டிலிருந்தே முழுப் பங்கு கிடைக்குமா, அரங்கச் செலவை யார் ஏற்பார்கள், மற்ற விளையாட்டுகளின் பயணத்துக்கு என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் அதில் கேட்பேன். வேறு ஏதேனும் சேர்க்க வேண்டுமென்று தோன்றினால் தெரிவியுங்கள்.

பதில்: துடுப்புப் படகு வீராங்கனையின் தந்தை

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டமைப்பு மாறினாலும் மாறாவிட்டாலும், இப்போதிருக்கும் எந்த அணியையும் கலைக்கமாட்டோம் என்று எழுத்தில் உறுதி தருவார்களா என்றும் கேளுங்கள்.